ஓடும் பிளாஸ்மாவில் தூசித் துகள்கள்: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் எம்எஸ்சி புராஜெக்டுக்குத் தூசிப் பிளாஸ்மாவை (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுதான் பிளாஸ்மா, அதில் நுண்ணிய தூசித் துகள்கள் மிதந்தால் தூசிப் பிளாஸ்மா) எடுக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிமுலேஷன் புரோகிராமை அனுப்பிப் பார்க்கச் சொன்னால், நான் முதலில் தேடுவது ஒரு வரியைத்தான். துகள் ஐ-க்கு விசையைக் கூட்டிவிட்டு அதே விசையைத் துகள் ஜே-யிலிருந்து கழிக்கும் வரி. கணக்கு பாதியாகக் குறையும், எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள், பிளாஸ்மா ஓடாமல் நிற்கும் வரை தப்பே இல்லை. ஓட ஆரம்பித்தால் அந்த ஒரு வரியே மொத்த ரிசல்ட்டையும் கெடுத்துவிடும்.

ஏன் என்று பார்ப்போம். ஆர்கான் வாயுவில் மின்சாரம் பாய்ச்சி உண்டாக்கும் பிளாஸ்மாவில் கீழ் மின்வாய்க்குச் சற்று மேலே, ஷீத் என்கிற பகுதியில், மைக்ரான் அளவு பிளாஸ்டிக் உருண்டைகள் மிதக்கின்றன. எடையை மின்புலம் தாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் அயனிகளைவிட வெகு வேகமானவை, அதனால் ஒவ்வொரு உருண்டையும் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்களை வாரிக்கொண்டு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அயனிகளோ மேலிருந்து மின்வாயை நோக்கி ஓடுகின்றன. எலக்ட்ரான் வெப்பநிலை 3 எலக்ட்ரான்வோல்ட் என்றால் அயனிகள் ஷீத்துக்குள் நுழையும் வேகம், அதாவது போம் வேகம், வினாடிக்குச் சுமார் 2.7 கிலோமீட்டர். போகிற வழியில் மேல்துகள் அவற்றை வளைத்துவிட, அதற்குக் கொஞ்சம் கீழே நேர்மின்னூட்டம் குவிகிறது. இதுதான் வேக் (wake), துகளுக்குப் பின்னால் ஓட்டத்தில் விழும் தடம். கீழ்த்துகளை அந்தக் குவியல் இழுப்பதால் அது மேல்துகளுக்கு நேர் கீழே வந்து நிற்கும். கீழ்த்துகளுக்கும் ஒரு வேக் உண்டு, ஆனால் அது இன்னும் கீழே கிடக்கிறது, மேல்துகளை அது பெரிதாகத் தொடுவதில்லை. ஓசூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகிற பைக்காரனுக்கு லாரியின் காற்று தெரியும், லாரிக்காரருக்கு இவன் வருவதே தெரியாது, அந்தக் கதைதான். 1990களின் கடைசியில் லேசரால் தள்ளியே பார்த்துவிட்டார்கள்: மேல்துகளைத் தள்ளினால் கீழ்த்துகள் கூடவே போனது, கீழ்த்துகளைத் தள்ளியபோது மேல்துகள் அதன் பின்னால் போகவில்லை.

"அண்ணா, அப்போ நியூட்டனோட மூணாவது விதி போச்சா?" என்பார்கள். போகவில்லை. அயனிகள் கொண்டுபோகும் உந்தத்தையும் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். மூன்றாவது ஆளை விட்டுவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் கணக்கு எழுதினால் இடிக்கத்தான் செய்யும். இழுக்கிறது என்றவுடன் மேல்துகள் நேர்மின்னூட்டம் ஆகிவிட்டது என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே எதிர்மின்னூட்டம்தான், இழுப்பது நடுவில் குவிந்த அயனிகள்.

இதிலிருந்தே அடுத்த தவறும் வருகிறது. மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா என்று செக் செய்வது. இங்கே அது மாறும், மாறவும் வேண்டும், ஏனென்றால் அயனி ஓட்டம் துகள்களுக்கு ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. தூசித் துகள்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கும் பிளாஸ்மா படிகம் குறைந்த அழுத்தத்தில் தானாக உருகுவதற்கு இதுவே காரணம். ஆர்கான் அழுத்தத்தைக் கூட்டினால் வாயு உராய்வு அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள, படிகம் மறுபடி உறையும். உருகுவதைப் பார்த்துவிட்டு டைம் ஸ்டெப்பைச் சிறிதாக்கிக்கொண்டே போய் ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரை ஓடவிடாதீர்கள், பிரச்சினை அங்கே இல்லை.

அப்புறம் டிபை நீளம், அதாவது ஒரு துகளின் மின்னூட்டத்தைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மா எவ்வளவு தூரத்துக்குள் மறைத்துவிடுகிறது (திரையிடுகிறது) என்பது. அடர்த்தி கன மீட்டருக்கு 10-இன் அடுக்கு 15, எலக்ட்ரான் வெப்பநிலை அதே 3 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால் எலக்ட்ரான் டிபை நீளம் சுமார் 0.4 மில்லிமீட்டர், அறை வெப்பநிலை அயனிகளுக்கு 0.04-க்கும் கீழே. பத்து மடங்கு வித்தியாசம். நிற்கும் பிளாஸ்மாவில் திரையிடுவது குளிர்ந்த அயனிகள். போம் வேகத்தில் ஓடும் அயனிகள் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது, எலக்ட்ரான் நீளம்தான் பொருந்தும். பாடப்புத்தகத்தில் இரண்டையும் சேர்த்துத் தரும் ஃபார்முலாவை அப்படியே ஷீத்துக்குள் போட்டால் துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே மாட்டா. ஒரே தளத்தில் பக்கவாட்டில் இருக்கும் துகள்களுக்கு, சரியான நீளத்தோடு, யுகாவா விசை (திரையிடலால் தூரத்தோடு வேகமாகக் குறையும் விலக்கு விசை) நன்றாகவே வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

மின்னூட்டத்தை மாறிலியாக வைப்பதும் மேல்-கீழ் ஜோடிக்குச் சரிவராது. மேல்துகள் குவித்த அயனிகள் கீழ்த்துகள் மேல் கூடுதலாக விழுவதால் அதன் எதிர்மின்னூட்டம் குறைகிறது.

வேக்கை ஒரு நேர்மின் புள்ளியாக வைக்கும் மாடல் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். ஆனால் அது ஒட்டுப்போட்ட மாடல். கீழ்த்துகள் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் போனால் விசை எகிறிவிடும், நிஜத்தில் அங்கே இருப்பது பரவலான மேகம். அழுத்தம் 10 பாஸ்கல் என்றால் அயனி மோதாமல் போகிற தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதனால் வேக்கும் தேய்ந்துபோகும். புள்ளியின் தூரத்தையும் அளவையும் எல்லா அழுத்தத்துக்கும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள்.

சரி, அந்தக் கூட்டிக் கழிக்கும் வரியை ஓட்டம் இருக்கும்போது எங்குமே பயன்படுத்தக் கூடாதா? ஒரு இடம் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014-இல் நிறுவிய பிகே-4 கருவியில் மின்புலத்தின் திசையை வேகமாக மாற்றிக்கொண்டே இருக்க முடியும். அயனிகள் அந்த மாற்றத்தோடு ஓடும், கனமான தூசியால் முடியாது. இரண்டு பக்கமும் வேக் விழுந்து, சராசரியில் விசை இருவருக்கும் சமமாகிவிடுகிறது, துகள்களும் மின்புலத்தின் திசையில் சரம் சரமாகக் கோத்து நிற்கின்றன. அங்கே அந்த வரி அப்படியே இருக்கட்டும்.