தாலியம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

கோவையில் ஒரு ஸ்கேன் சென்டரில் கேமராவுக்குப் பக்கத்தில் பதினான்கு வருஷமாக நிற்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லாரும் கேட்பது, "அடைப்பு இருக்குதுங்களா?" என்றுதான். அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோ இருக்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா, சேராத இடம் எவ்வளவு என்று காட்டுவது இந்த ஸ்கேன். அடுத்த ஓரிரு வருஷத்தை ஊகிக்க அந்த 'எவ்வளவு'தான் உதவும். பெயர்தான் தாலியம். இப்போது ஊசியில் பெரும்பாலும் போவது டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள்.

முதல் வேலை முந்தைய நாளே தொடங்குகிறது. 24 மணி நேரத்துக்குக் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது. டிரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தை ஏற்றி ரத்தக்குழாயை விரியவைப்போம். உடம்பில் காஃபீன் இருந்தால் மருந்து வேலை செய்யாது. குறை இருந்தாலும் படத்தில் தெரியாமல் போகலாம்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றப்போகும் நேரத்தில் வாயைத் திறந்தார். "பஸ் ஸ்டாண்டுல ஒரே ஒரு வாய் காபிதானுங்க தம்பி, அதுவும் டிகாஷன் கம்மி." டிகாஷன் கம்மியோ ஜாஸ்தியோ, அவரை மறுநாள் வரச் சொன்னோம். மகன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

இனி ரிப்போர்ட். இடது கீழறையை 17 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க் போடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, இங்கே மார்க் ஏற ஏற மோசம். ஆக மொத்தம் 68. நடக்கவைத்தோ மருந்தேற்றியோ எடுக்கும் ஸ்ட்ரெஸ் படத்தின் கூட்டுத்தொகை எஸ்.எஸ்.எஸ்., ஓய்வில் எடுத்ததற்கு எஸ்.ஆர்.எஸ்., இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எஸ்.டி.எஸ்.

அந்தப் பெரியவருக்கு மறுநாள் வந்தது 11, 3, 8. எஸ்.எஸ்.எஸ். 4-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 4 முதல் 8 வரை லேசானது, 9 முதல் 13 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆக, 11 நடுத்தரம். ஓய்விலும் இருக்கும் 3 பெரும்பாலும் பழைய தழும்பு. மிச்சம் 8, உழைக்கும்போது மட்டும் ரத்தம் பத்தாத தசை. 8-ஐ 68-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 சதவீதம்.

இந்தச் சதவீதத்துக்கு ஒரு கதை உண்டு. 2003-இல் 10,627 பேரை வைத்து வந்த அமெரிக்க ஆய்வில், சுமார் 10 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு ஸ்டென்டோ பைபாஸோ உயிரைக் காப்பதாகத் தெரிந்தது. 2019-இல் 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு வந்தது. 5,179 பேர். உடனே ஆஞ்சியோ, முடிந்தால் ஸ்டென்டோ பைபாஸோ என்று போனவர்களையும் மாத்திரையில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டால், சாவிலும் மாரடைப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி மட்டும் நன்றாகக் குறைந்தது. இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் 12 சதவீதம் என்றதும் நகையை அடகு வைக்க ஓட வேண்டாம், "மாத்திரையில் எவ்வளவு தூரம் போகலாம், டாக்டர்?" என்று கேளுங்கள்.

அடுத்து இ.எஃப். இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம் அது. இரண்டு பேருக்கு மார்க் ஒரே அளவாக இருந்தாலும் இ.எஃப். 45-க்குக் கீழே இறங்கியவர்களின் நிலை கவலைக்குரியது. 'ஸ்ட்ரெஸ்ஸில் அறை விரிந்தது' என்று எழுதியிருந்தால் விரலை அங்கே வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று குழாயிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாக மங்கி, படம் இயல்பு போலவே தெரியும். சில நேரம் அந்த ஒரு வரிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் இயல்பு என்று வந்தால் மாரடைப்போ இதயத்தால் சாவோ வரும் வாய்ப்பு பொதுவாக வருஷத்துக்கு 1 சதவீதத்துக்கும் கீழே. சர்க்கரை உள்ளவர்களுக்கும், நடக்க முடியாமல் மருந்தேற்றி எடுத்தவர்களுக்கும் அது கொஞ்சம் கூடுதல்.

அடுத்த முறை எடுக்கும்போது பழைய சி.டி.யையும் கொண்டுவாருங்கள். பொள்ளாச்சிப் பெரியவர் மாத்திரையோடு ஒரு வருஷம் கழித்து வந்தார், சி.டி.யை மஞ்சப்பையில் சுற்றி வைத்திருந்தார். எஸ்.டி.எஸ். 8 அப்போது 4 ஆகியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே, "காபி குடிக்கலைங்க" என்றார்.