முகம் வரையாத மக்காச்சோளப் பொம்மை: குழந்தையோடு செய்து பார்க்க

அமெரிக்காவில் நவம்பர் மாதம் பூர்வகுடிகளின் மரபைக் கொண்டாடும் மாதம். அதையொட்டி என் மகளுக்கு ஒரு கைவேலைப் பெட்டி வந்தது. உள்ளே காகிதக் கூடாரம், அட்டையில் டோட்டெம் கம்பம் (உருவங்கள் செதுக்கிய மரத்தூண்), சாயம் தோய்த்த இறகுகளோடு ஒரு தலையணி. கூடாரம் லக்கோட்டா போன்ற சமவெளி மக்களுடையது. கம்பமோ பசிபிக் கரையில் வாழும் ஹைடா, டிலிங்கிட் மக்களுடையது. பெட்டியில் ஒரு பெயர்கூட இல்லை, பூர்வகுடிகள் எல்லாருக்கும் பொதுவாக வெறும் 'இந்தியன்'தான். சமவெளி மக்களிடையே அந்தத் தலையணியின் ஒவ்வொரு கழுகிறகும் ஒருவர் தன் செயலால் பெறும் மரியாதை. அதை விளையாட்டுக்குச் செய்ய வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஹோடெனோஷோனி மக்களின் பொம்மையைச் செய்தோம். மோஹாக், செனெக்கா உள்ளிட்ட ஆறு இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது. பெயரை முதலில் குழந்தையைச் சொல்ல வையுங்கள்.

மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் மடல்தான் பொருள். தமாலே என்ற மெக்சிகன் உணவைச் செய்வதற்காக மெக்சிகன் கடைகளில் காய்ந்த மடல் பாக்கெட்டில் கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். மடக்கினால் முறியக் கூடாது.

ஆறு மடல்களை அடுக்கி, ஒரு முனையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டுங்கள். வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல நீளமான பக்கத்தை ஒவ்வொன்றாக முடிச்சின் மேல் மடித்து இறக்குங்கள். கழுத்தில் இன்னொரு கட்டு. தலை வந்துவிடும். காய்ந்தால் மடல் சுருங்கி நூல் தளரும், அதனால் இறுக்கிக் கட்டுங்கள். என் மகள் கட்டிய முதல் பொம்மையின் தலை மறுநாள் கையோடு வந்துவிட்டது, பாவம், அழுதாள்.

மெல்லிய கீற்று மூன்றைப் பின்னி, இரு முனையும் கட்டினால் கைகள். கழுத்துக்குக் கீழே மடல்களுக்கு நடுவே செருகி இடுப்பைக் கட்டுங்கள். கீழே தொங்குவதைச் சமமாக வெட்டினால் பாவாடை. ஓரிரு நாள் காயட்டும்.

"கண் வரையட்டுமா?" என்று குழந்தை கேட்கும். அப்போது ஹோடெனோஷோனி மக்களிடையே வழங்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்: பொம்மை தண்ணீரில் தன் அழகைப் பார்த்துப் பார்த்துக் கர்வம் கொண்டு, தனக்கிட்ட வேலையை மறந்தது; படைத்தவர் முகத்தை எடுத்துக்கொண்டார்.

என் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பொம்மையின் அடியில் ஒரு சீட்டு ஒட்டினோம்: 'ஹோடெனோஷோனி மக்களிடம் கற்றது.'