பார்ஸ்னிப் வளர்ப்பு: மண் பாத்தியிலும் மீன் தொட்டித் தண்ணீரிலும்

இங்கிலாந்தில் தோட்டம் போடும் நம்மவர்கள் பலர் கேரட், பீட்ரூட் எல்லாம் எடுத்துவிடுகிறார்கள். கேரட் மாதிரியே, ஆனால் வெளிர் நிறத்தில் இருக்கும் பார்ஸ்னிப் என்றால் மட்டும் "முளைக்கவே இல்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். முளைப்பைத் தாண்டிவிட்டால் இது தொந்தரவில்லாத கிழங்கு. அதனால் விதையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

விதை

அந்தந்த வருடம் வாங்கிய புது விதை மட்டுமே வேண்டும். பார்ஸ்னிப் விதையின் வீரியம் ஒரு வருடத்துக்கு மேல் நம்பும்படி இருக்காது. பழைய பாக்கெட்டில் பாதி மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ரகத்தில் நான் சொல்வது கிளாடியேட்டர். கிழங்கின் மேல்பகுதியை அழுக வைக்கும் கேங்கர் நோயை நன்றாகத் தாங்கும்.

சில பாக்கெட்டுகளில் பிப்ரவரியிலேயே விதைக்கலாம் என்று போட்டிருக்கும். வேண்டாம். சில்லென்ற ஈர மண்ணில் விதை அழுகிவிடும். ஏப்ரல் வரை பொறுங்கள்.

முளைகட்டுதல்

நேரடியாக விதைத்தால் முளைக்க மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் மேல்மண் ஒருமுறை காய்ந்தாலும் போச்சு. அதனால் நான் வீட்டுக்குள்ளேயே முளைகட்டுகிறேன். மூடி போட்ட டப்பாவில் ஈரமான கிச்சன் பேப்பரை விரித்து விதைகளைப் பரப்புங்கள். ஒரு வாரம் போனதும் தினமும் திறந்து பாருங்கள். தட்டையான பழுப்பு விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கும். 2, 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மண்ணுக்குப் போய்விட வேண்டும். இன்னும் விட்டால் வேர் பேப்பருக்குள் புகுந்துவிடும். பிரிக்கும்போது நுனி அறுந்தால் கிழங்கு இரண்டாகக் கிளைக்கும். எடுக்க, ஈரமான சின்னப் பெயிண்ட் பிரஷ்தான் சரி, இடுக்கி நசுக்கிவிடும். நாற்றுத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதும் இதே காரணத்தால் ஆகாது.

மண் பாத்தி

கல் இல்லாத மண் என்றால் கொத்திவிட்டு விதைக்கலாம். கல் மண் என்றால் கடப்பாரையை அரை மீட்டர் இறக்கி, சுழற்றிக் கூம்பு மாதிரி குழி போட்டு, சலித்த கம்போஸ்டும் மணலும் கலந்து நிரப்புங்கள். குழிக்கு மூன்று விதை, 1 செ.மீ. ஆழம், பிறகு தேறியதை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். செடிக்குச் செடி 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. புதுச் சாணி உரம் போடாதீர்கள், கிழங்கு கிளைக்கும். கிழங்கைக் குடையும் புழுவை உண்டாக்கும் கேரட் ஈக்கு, ஃப்ளீஸ் எனும் மெல்லிய தோட்டத் துணியைப் போர்த்தினால் போதும்.

இலையைத் தொடும்போது கையுறையும் முழுக்கை சட்டையும் அவசியம். சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் வரும்.

அக்வாபோனிக்ஸ்

மீன் தொட்டித் தண்ணீரையே உரமாக்கிச் செடி வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். இதில் களிமண் உருண்டை நிரப்பிய படுக்கையில் ஆணிவேர் நேராக இறங்காது, கோணல்மாணலாகத்தான் வரும். வேரைத் தண்ணீரில் தொங்கவிடும் மிதவை முறையும் கிழங்குக்கு ஒத்துவராது. எனக்குப் பிடித்தது விக்கிங் பெட், அதாவது அடியில் தேங்கும் தண்ணீரை மண்ணே மேலே உறிஞ்சிக்கொள்ளும் படுக்கை: ஆழமான பெட்டியின் அடியில் ஜல்லி, நிரம்பினால் வழிய ஒரு குழாய், மேலே துணி, அதற்கு மேல் 35 செ.மீ. அளவுக்குக் கம்போஸ்ட், தேங்காய் நார்த்தூள், மணல் கலவை. மீன் தண்ணீரை அடியில் ஊற்றுங்கள். அது திரும்பத் தொட்டிக்குப் போகக் கூடாது. ஈரம் மேல்மட்டம் வரை ஏறாது என்பதால் செடி வேர் பிடிக்கும்வரை மேலிருந்தும் தெளிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் திலாப்பியாவைவிட இந்த ஊர்க் குளிருக்குக் கெண்டை மீனே தோது.

பின்சேர்க்கை

"இலை செழிப்பு, கிழங்கு விரல் பருமன்" என்று மீன் தண்ணீர் பாய்ச்சும் சிலர் எழுதியிருந்தார்கள். மீன் தண்ணீரில் இலையை வளர்க்கும் நைட்ரேட் அதிகம், கிழங்குக்கு வேண்டிய பொட்டாசியம் குறைவு. கோடை நடுவிலிருந்து மீன் தண்ணீரைக் குறைத்து மழைத் தண்ணீர் விடுங்கள். கொஞ்சம் பொட்டாசியம் சல்பேட்டும் கலவையில் சேருங்கள்.

இன்னொரு கேள்வி, எப்போது தோண்டுவது? நல்ல உறைபனி விழுந்த பிறகு. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதற்குள் இலை காய்ந்து இடமே தெரியாமல் போகும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே வரிசைக்குக் குச்சி நட்டு வையுங்கள். பிப்ரவரி முடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வசந்தத்தில் துளிர்த்தால் நடுத்தண்டு கட்டையாகிவிடும்.