பெரிய கேமிங் மடிக்கணினியை மதிப்பிடுவது எப்படி: கொழும்பு வெக்கைக்கு ஏற்ற ஒரு சோதனை முறை

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏதாவது ஒரு கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனால் முதலில் உடலில் படுவது குளிரூட்டியின் காற்று. காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் 18 அங்குல மடிக்கணினி அந்தக் குளிரில்தான் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதே இயந்திரம் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள வீட்டுக்கு வந்ததும், கூரை விசிறி மட்டும் சுழலும் 30, 31 பாகை அறையில் வேலை செய்ய வேண்டியிருக்கும். இணையத்தில் நாம் படிக்கும் மதிப்பீடுகள் பலவும் 20 முதல் 23 பாகை வரையான அறைகளில் செய்யப்பட்டவை. அறையின் வெப்பநிலை எத்தனை பாகை கூடுகிறதோ, சிப்பின் வெப்பநிலையும் ஏறத்தாழ அத்தனை பாகை கூடும். அங்கே 78 பாகையில் அமைதியாக நின்ற ஜி.பி.யு (விளையாட்டின் காட்சிகளை உருவாக்கும் சிப்பு) இங்கே 86 பாகையைத் தொடும். என்விடியாவின் மடிக்கணினி ஜி.பி.யுக்கள் பல 87 பாகை அளவில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. எனவே ஒரு பெரிய கேமிங் மடிக்கணினியை எடைபோடும்போது நாம் கேட்க வேண்டியது, அது எவ்வளவு வேகமானது என்பதை அல்ல. நம் அறையில், அரை மணி நேரம் கழிந்த பின்பும், அந்த வேகத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் அக்காவின் மகனுக்காக, காலி வீதியில் ஒரு கடையில், 17.3 அங்குல மடிக்கணினி ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தேன். கடையில் பத்து நிமிடம் விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தோம், அப்பழுக்கில்லாமல் ஓடியது. வீட்டில் முதல் இரவே, முக்கால் மணி நேரத்துக்குப் பின் காட்சி திக்கித் திக்கி நகரத் தொடங்கியது. இயந்திரத்தில் பழுது எதுவும் இருக்கவில்லை. எங்கள் சோதனைதான் பழுதானது.

சோதனைக்குப் போகுமுன் விவரத்தாளைச் சரியாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் பணம் பெரும்பாலும் அங்கேதான் வீணாகிறது. ஜி.பி.யுவின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மேசைக் கணினியில் இருப்பதும் மடிக்கணினியில் இருப்பதும் ஒன்றல்ல. மேசைக் கணினிக்கான ஆர்.ரி.எக்ஸ் 4090 இல் 16,384 கியூடா கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 24 ஜிகாபைற் நினைவகமும் உள்ளன. அதே பெயரைத் தாங்கிய மடிக்கணினிச் சிப்பில் 9,728 கோர்களும் 16 ஜிகாபைற்றும் மட்டுமே. அடுத்த தலைமுறையான 5090 இலும் இதே கதைதான்: மேசையில் 21,760 கோர்களும் 32 ஜிகாபைற்றும், மடிக்கணினியில் 10,496 கோர்களும் 24 ஜிகாபைற்றும். ஆகவே மேசைக் கணினி ஒன்றின் விளையாட்டு வேகத்தைக் காட்டும் காணொளியைப் பார்த்து மடிக்கணினிக்கு விலை பேசுவது தவறு.

பெயருக்கு அடுத்ததாக வருவது வொட் கணக்கு. மடிக்கணினி ஜி.பி.யு ஒன்றுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளரே ஒரு வரம்புக்குள் தீர்மானிக்கிறார். இந்த அளவைத்தான் ரி.ஜி.பி என்கிறார்கள். ஆர்.ரி.எக்ஸ் 4060 மடிக்கணினிச் சிப்பை 35 வொட்டிலும் ஓட்டலாம், 115 வொட்டிலும் ஓட்டலாம், இரண்டின் பெட்டியிலும் ஒரே பெயர்தான் ஒட்டப்பட்டிருக்கும். மேல்தட்டுச் சிப்புகளில் உச்சம் 150 வொட், சி.பி.யு (கணினியின் மையச் சிப்பு) ஓய்வாக இருக்கும்போது டைனமிக் பூஸ்ட் என்ற வசதி வழியாக மேலும் 25 வொட் சேர்ந்து 175 ஆகலாம். மூன்று கிலோ எடையும் கனத்த உடலும் கொண்ட ஒரு மடிக்கணினியை நாம் வாங்குவதே இந்த முழு வொட்டையும் தாங்கக்கூடிய பெரிய வெப்பத் தகடுகளும் விசிறிகளும் அதனுள் இருக்கும் என்ற எண்ணத்தில்தான். அந்த உடலுக்குள் குறைந்த வொட்டில் ஓடும் சிப்பை வைத்திருந்தால் நாம் வெறும் பாரத்தைச் சுமக்கிறோம். கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்: என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் உள்ள சிஸ்டம் இன்போமேஷன் பகுதியில் அந்த இயந்திரத்துக்கான உச்ச கிராபிக்ஸ் வொட் எழுதப்பட்டிருக்கும். விற்பனையாளர் சொல்வதைவிட அந்த ஒரு வரி நம்பகமானது.

ஜி.பி.யுவின் நினைவகத்தையும் அதே இடத்தில் கவனிக்கலாம். ஆர்.ரி.எக்ஸ் 5070 மடிக்கணினிச் சிப்பு 8 ஜிகாபைற்றுடன் வருகிறது, 5070 ரி.ஐ 12 ஜிகாபைற்றுடனும் 5080 ஆனது 16 ஜிகாபைற்றுடனும் வருகின்றன. 2560க்கு 1600 புள்ளிகள் கொண்ட 18 அங்குலத் திரையில் புதிய விளையாட்டுகளை உயர்ந்த தரத்தில் ஓட்ட விரும்புபவருக்கு 8 ஜிகாபைற் விரைவில் நெருக்கடியாகும் என்பது என் கணிப்பு. பணம் ஓரளவுதான் இருக்கிறது என்றால், சி.பி.யுவில் ஒரு படி இறங்கி இந்த நினைவகத்தில் ஒரு படி ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இனி வீட்டுச் சோதனை. வாங்கும்போதே, குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நாட்களுக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். மலிவான அறை வெப்பமானி ஒன்றை மேசையில் வையுங்கள். இயந்திரத்துடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள், யு.எஸ்.பி சி வழியாக 100 வொட் கொடுத்துச் சோதித்தால் எந்த முடிவும் செல்லாது. சாரதி மென்பொருளையும் பயோஸையும் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து, உற்பத்தியாளரின் செயலியில் உச்சச் செயற்றிறன் நிலையைத் தெரிவு செய்து, மக்ஸ் சுவிட்ச் இருந்தால் திரையை நேரடியாகப் பெரிய ஜி.பி.யுவுடன் இணைக்கும் நிலைக்கு மாற்றி, இயந்திரத்தை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். எச்.டபிள்யு.இன்போ என்ற இலவச மென்பொருள் ஜி.பி.யுவின் வொட், வெப்பநிலை, கடிகார வேகம் ஆகியவற்றை நொடிக்கு நொடி ஒரு கோப்பில் பதிவு செய்யும். அதை ஓடவிட்டபடி, நீங்கள் உண்மையில் விளையாடும் கனமான விளையாட்டு ஒன்றைப் பிரேம் வரம்பு (நொடிக்கு இத்தனை படம்தான் என்ற கட்டுப்பாடு) இல்லாமல் அரை மணி நேரம் விளையாடுங்கள். ஏ.சி இருந்தால் அணைத்துவிடுங்கள். பகல் இரண்டு மணி இதற்குச் சிறந்த நேரம்.

பதிவில் பார்க்க வேண்டியது மூன்றாவது நிமிடத்துக்கும் முப்பதாவது நிமிடத்துக்கும் இடையிலான வித்தியாசம். தொடக்கத்தில் 150 வொட்டில் ஓடிய ஜி.பி.யு முடிவிலும் 140க்கு மேல் நின்றால் அந்த உடல் தன் வேலையைச் செய்கிறது. 120க்கு விழுந்தால், நீங்கள் ஒரு படி மலிவான இயந்திரத்தின் வேகத்துக்கு மேல்தட்டு விலையைக் கொடுத்திருக்கிறீர்கள். விளையாட்டுக்கு நேரமில்லாதவர் 3டி மார்க்கின் அழுத்தச் சோதனையை ஓட்டலாம். அது ஒரே காட்சியை 20 முறை திரும்ப ஓட்டி, வேகம் 97 சதவீதத்துக்குக் குறையாமல் நிலைத்தால்தான் தேர்ச்சி என்கிறது. சினிபெஞ்ச் என்ற மென்பொருளின் வழமையான சோதனை சி.பி.யுவை மட்டுமே வேலை வாங்குவதால் அதன் எண்ணைக் கொண்டு விளையாட்டைத் தீர்மானிக்க முடியாது. இந்த இயந்திரங்களில் சி.பி.யுவும் ஜி.பி.யுவும் பெரும்பாலும் ஒரே வெப்பக் குழாய்களைப் பங்கிட்டுக்கொள்வதால், இரண்டும் சேர்ந்து சூடாகும்போது எது விட்டுக்கொடுக்கிறது என்பதே நமக்குத் தேவையான செய்தி. சி.பி.யு சில கணங்கள் 95 பாகையைத் தாண்டினால் பதற வேண்டாம். உயர்வகை மடிக்கணினிச் சிப்புகள் 100 பாகை வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை.

முடிவு திருப்தியில்லை என்றால் திருப்பிக் கொடுக்குமுன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பின்பக்கக் கால்களின் கீழ் இரண்டு சோடாப் போத்தல் மூடிகளை வைத்து உயர்த்திவிட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். காற்று அடிப்பக்கத்தால் உள்ளே இழுக்கப்படுவதால், இந்த ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியே சில பாகைகளைக் குறைக்கக்கூடும். நிறையக் குறைந்தால் குற்றம் காற்றுவழியில். நல்ல தாங்கி ஒன்று வாங்கினால் போதும். எதுவும் மாறவில்லை என்றால் குற்றம் உள்ளே.

விசிறிச் சத்தத்தை விவரத்தாள் சொல்வதில்லை. உச்ச நிலையில் இவற்றில் பல 50 டெசிபெலைத் தாண்டும். இரவு பத்து மணிக்கு, பக்கத்து அறையில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீட்டில், அந்த நிலையை ஒருவரும் பயன்படுத்தப் போவதில்லை. ஆகவே நடுத்தர நிலையிலும் அரை மணி நேரச் சோதனையை ஒருமுறை செய்து, நீங்கள் உண்மையில் வாழப்போகும் அந்த எண்ணைக் கொண்டே ஒப்பிடுங்கள்.

மின்சாரம் நம் ஊருக்கே உரிய தலைப்பு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் நாடே இருண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரிய மடிக்கணினியில் பற்றரி இருக்கிறது, மின்வெட்டிலும் விளையாடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். விமானத்தில் அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய வரம்பு 100 வொட் மணி என்பதால் மிகப் பெரிய மடிக்கணினியிலும் பற்றரி 99 வொட் மணி அளவோடு நின்றுவிடுகிறது. மொத்தம் 250 வொட் இழுக்கும் இயந்திரத்துக்கு அது 24 நிமிடம்கூடப் போதாது; எனவே மின்சாரம் போனவுடன் இயந்திரம் தன் வேகத்தைப் பெருமளவு குறைத்துக்கொள்கிறது. விளையாட்டின் நடுவில் பிளக்கை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: காட்சி மெதுவானால் அது இயல்பு, இயந்திரம் உறைந்தாலோ அணைந்தாலோ அது குறை. இழுத்த பிளக்கைத் திரும்பச் செருகி, வொட் பழைய அளவுக்கு ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் யு.பி.எஸ் இருந்தால் அதன் வி.ஏ எண்ணை நம்பாமல் வொட் எண்ணைப் பாருங்கள். 650 வி.ஏ என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் 360 முதல் 390 வொட் வரைதான் கொடுக்கும். 330 வொட் சார்ஜருடன் வெளித்திரை ஒன்றையும் அதில் மாட்டினால் எல்லை வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரமாயின், சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற் என்று அச்சிடப்பட்டிருந்தால் நமது 230 வோல்ற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மின்கம்பியை மட்டும் சதுர முள் 13 அம்பியர் பிளக் உள்ளதாக மாற்றுங்கள். இரண்டு முள் மாற்றியை வைத்துச் சமாளிப்பவர்கள் உலோக மூடியில் கை வைக்கும்போது சுரீரென்று உணர்வதற்குக் காரணம் நிலக்கம்பி இணைப்பு விடுபட்டிருப்பதே.

திரையைக் கடையிலேயே முடித்துவிடலாம். 240 ஹெர்ட்ஸ் திரையை விண்டோஸ் அமைப்பில் 60 இல் விட்டுவைத்திருப்பது அடிக்கடி நடப்பது. முதலில் அதை மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெக்கன் நிற்கிறது, 240 இல் 4.2 மட்டுமே, அந்த வித்தியாசம் சாளரம் ஒன்றை இழுக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களை வைத்து செத்த புள்ளிகளையும் ஓரங்களில் கசியும் ஒளியையும் பாருங்கள். விசைப்பலகை, ஒலி, கமரா ஆகியவை அவரவர் விருப்பம். மின்கம்பியும் எச்.டி.எம்.ஐயும் பின்பக்கம் இருந்தால் சுட்டியைப் பிடிக்கும் கைக்கு இடையூறு இருக்காது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். எடையைப் பொறுத்தவரை, சார்ஜருடன் சேர்த்து நான்கு கிலோவை முதுகில் போட்டுக்கொண்டு, மாலை ஐந்தரை மணிக்கு 100 ஆம் இலக்கப் பேருந்தில் ஏற முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

கடற்கரை ஓரமாக வாழ்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து விசிறிக்குள் பசைபோலப் படியும். எனவே அடிமூடியைச் சாதாரண திருகாணிகளைக் கழற்றித் திறக்க முடிகிறதா, றாம் மாற்றக்கூடியதா அல்லது பலகையில் ஒட்டியதா, இரண்டாவது எஸ்.எஸ்.டிக்கு இடம் உண்டா, சுத்தம் செய்யத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிப்பின் மேல் திரவ உலோகம் பூசிய மாதிரிகளில் விசிறியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெப்பத் தகட்டைக் கழற்ற வேண்டாம். அந்த உலோகம் மின்சாரத்தைக் கடத்தும்.

விலை பேசும்போது, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள வற் வரி சொல்லப்பட்ட தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். இந்த இயந்திரங்களில் ஜி.பி.யு தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால், அது பழுதானால் பெரும்பாலும் பலகை முழுவதையும் மாற்ற வேண்டிவரும். எனவே உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா, கடைக்காரருடையதா என்ற வேறுபாடு இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியானது. தொடரிலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டு, உத்தரவாதம் எந்த நாட்டுக்கு, எந்தத் திகதி வரை என்று பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

சோதனைப் பதிவுக் கோப்பையும் பில்லின் படத்தையும் அறை வெப்பநிலைக் குறிப்பையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அறையில், அதே வெப்பநிலையில், அதே விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். ஐந்து பாகைக்கு மேல் ஏறியிருந்தால் முதலில் விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பின்பும் இறங்கவில்லை என்றால், இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் முகவரிடம் போங்கள்.