அசல் உத்தர் முதல் லோங்கேவாலா வரை: போர்க் கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1965 இந்திய-பாகிஸ்தான் போர் என்றதும் பஞ்சாபின் கேம் கரண் அருகே நடந்த அசல் உத்தர் சண்டையைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். ஜீப்பில் வந்த அப்துல் ஹமீத் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை நொறுக்கினார், எதிரி ஓடினான் என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடும். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். ஹமீத் பரம் வீர் சக்ரா பெற்ற மாவீரர், சந்தேகமில்லை. ஆனால் சுற்றியிருந்த படையையும் நிலத்தையும் விட்டுவிட்டால் அவர் செய்ததன் அருமையே தெரியாது.

மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் 4ஆவது மலை டிவிஷன் கேம் கரணை விட்டுப் பின்வாங்கி, அசல் உத்தரில் லாட வடிவில் நிலைகொண்டது. வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆளுயரக் கரும்புக்குள் நம் சென்சூரியன், ஷெர்மன் டாங்கிகள் பதுங்கியிருந்தன. செப்டம்பர் 8 முதல் 10 வரை, அந்தச் சேற்றில் திணறிய பேட்டன்கள் பக்கவாட்டில் அடி வாங்கின.

ஹமீதிடம் இருந்தது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ஆர்சிஎல் (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கி. சுடும்போது வாயு பின்பக்கமாகப் பீறிடுவதால் பீரங்கி உதைக்காது. அதனால்தான் ஜீப் தாங்குகிறது. ஆனால் அந்தப் புகையும் புழுதியும் சுட்டவரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு முறை சுட்டதும் இடம் மாறாவிட்டால் உயிர் மிஞ்சாது. வீரத்தைச் சொல்ல வேண்டிய இடம் இது. அதை விட்டுவிட்டு, அவர் வீழ்த்தியது நான்கா, ஏழா, எட்டா என்று சண்டை போடுகிறார்கள். (106 என்று பெயர் இருந்தாலும் உண்மையான விட்டம் 105 மி.மீ. தான். பழைய 105 பீரங்கியின் குண்டுகளோடு குழம்பாமலிருக்கவே அப்படிப் பெயரிட்டார்கள். இதைத் 'திருத்தி' எழுதிவிடாதீர்கள்.)

அடுத்தது, பேட்டனை ஓட்டை டாங்கி என்று எழுதுவது. 90 மி.மீ. பீரங்கியும் தூரமானியும் கொண்ட அது, அன்றைக்கு நவீன வண்டி. ஆனால் அந்தக் கருவிகளைக் கையாள நீண்ட பயிற்சி தேவை. அதே போரில் பாகிஸ்தானின் சியால்கோட் முனையில், சாவிண்டாவை நோக்கிப் போன நம் சென்சூரியன்களைத் தடுத்து நிறுத்தியதில் பேட்டன்களுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்ல நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள்.

அப்புறம் ஆண்டுக் குழப்பம். தாராபூரும் அருண் கேத்தர்பாலும் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையினர். இருவரும் சென்சூரியனில் போரிட்டு உயிர்நீத்து பரம் வீர் சக்ரா பெற்றவர்கள். ஆனால் முன்னவர் 1965, பின்னவர் 1971. ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி 1965 போரில் ஓடியதாக எழுதுவதும் தவறு. போர்நிறுத்தம் செப்டம்பர் 23இலேயே வந்துவிட்டது. விஜயந்தா படையில் சேர்ந்தது டிசம்பரில்.

புகைப்படம் போடும்போதும் கவனம் வேண்டும். ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நடந்த சண்டை பற்றிய கட்டுரைக்கு, நாம் கைப்பற்றிய பேட்டனின் படத்தைப் போடுகிறார்கள். 1971 டிசம்பரில் அந்தப் பாலைவனத்துக்குப் பாகிஸ்தான் கொண்டுவந்தவை சீனத் தயாரிப்பான டைப் 59களும் ஷெர்மன்களும். டைப் 59இலும் கொஞ்சம் உஷார்: அதுவும் நம்மிடமிருந்த டி-55உம் சோவியத் டி-54 வழி வந்தவை. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், வண்டியில் உள்ள படைக் குறியைப் பார்க்காமல் யாருடையது என்று எழுத வேண்டாம்.