இலோகோஸ் போகிறீர்களா? முதல்முறை பயணிகளுக்கு ஒரு வழித்தடம்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கடலோரமாக இருக்கிறது இலோகோஸ். அங்கே தேவாலயம் ஓரிடத்தில் நிற்கும், அதன் மணிக்கோபுரம் தள்ளி நிற்கும். நிலநடுக்கத்தில் கோபுரம் சரிந்தாலும் கோயில்மேல் விழக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு கட்டடமும் புரியும்.

படி 1: நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை புயல் மழை.

படி 2: மணிலாவின் குபாவோவில், இலோகோஸின் பழைய ஊரான விகானுக்கு இரவுப் பேருந்து ஏறுங்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஏசி நடுங்க வைக்கும், போர்வை அவசியம்.

படி 3: விகானில் இறங்கியதும் வெயில் ஏறும் முன் காயே கிரிசோலோகோ தெருவுக்குப் போய்விடுங்கள். கல் பாவிய தெரு. மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை, கலேசா குதிரை வண்டிதான். 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. அண்ணாந்து பாருங்கள்: மாடி ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய கபிஸ் சிப்பிகள், சின்னச் சின்னச் சதுரங்களாக. உள்ளே போனால் கூசாத பால்நிற வெளிச்சம். 1872-இல், அன்று நாட்டை ஆண்ட ஸ்பானியர் கொன்ற பாதிரியார் ஹோசே புர்கோஸின் வீடும் இந்த ஊரில்தான். அது இப்போது தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு கிளை. திங்கட்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

மாலையில் புர்கோஸ் சதுக்கத்தில் எம்பனாடா சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். ஆரஞ்சு நிற அரிசிமாவுக்குள் பப்பாளிக்காய்த் துருவல், முட்டை, லொங்கனிசா என்ற இறைச்சித் தொத்திறைச்சி (சாசேஜ்) வைத்துப் பொரித்துத் தருவார்கள். வினிகர் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

படி 4: பக்கத்திலேயே பந்தாய் மணிக்கோபுரம். 2022 ஜூலை நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. மேலே ஏற விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 5: லாவாக் செல்லும் பேருந்தில் ஏறி பதாக்கில் இறங்குங்கள். அங்கிருந்து பாவோவாய் கிட்டத்தில்தான். ஜீப் மாதிரியான சிற்றுந்தான ஜீப்னியில் போனால், இறங்குமிடத்தில் "பாரா" என்று குரல் கொடுத்தால் போதும்.

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் பாவோவாய் தேவாலயத்தைச் சொல்வேன். கட்டுமானம் 1694-இல் தொடங்கி 1710-இல் முடிந்தது. முன்வாசலோடு திரும்பிவிடாதீர்கள், பக்கவாட்டில் நடங்கள். நிலநடுக்கத்தைத் தாங்க, சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் 24 பெரும் தாங்குசுவர்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டருக்கு மேல் தடிமன். கிட்டப் போய்ப் பார்த்தால் பவளக்கல்லின் துளைகள் தெரியும். தள்ளி நிற்கும் மணிக்கோபுரம், ஸ்பானியருக்கு எதிரான புரட்சியில் கட்டிபுனான் என்ற புரட்சி இயக்கத்தின் வீரர்களுக்குக் காவல்மேடையாக இருந்தது. இன்றும் வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை அணியுங்கள். பூசை நேரத்தில் கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

படி 6: கடைசியாக லாவாக். அங்குள்ள மணிக்கோபுரம் கனம் தாங்காமல் மணலில் இறங்கிக்கொண்டே வந்ததால், அதன் வாசலில் இப்போது குனிந்துதான் நுழைய முடியும். இன்னொரு நாள் கையில் இருந்தால், வடக்கே புர்கோஸ் ஊரில் 1892-இல் ஏற்றிய பொஹெயாதோர் கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.