பிளாக் இழுத்து வைத்தே ரோபோ வண்டி ஓட்டலாம்: மேக்கோட் முதல் பாடம்

கோடிங் தெரியாத மாணவர்கள் ரோபோ பக்கம் வர மைக்ரோபிட் போர்டும் (உள்ளங்கையில் அடங்கும் குட்டி கணினி) மேக்கோடும் நல்ல ஜோடி. மேக்கோட் மைக்ரோசாஃப்டின் இலவச எடிட்டர், பிரவுசரிலேயே ஓடும்; கட்டளைகளை டைப் செய்யாமல் பிளாக்குகளாக இழுத்து வைக்கலாம். கூடவே வேண்டியவை: நிற்காமல் சுற்றும் கண்டினியுவஸ் சர்வோ மோட்டார் இரண்டு (சாதாரண சர்வோ அரைச் சுற்றோடு நின்றுவிடும், வண்டிக்கு ஆகாது), சக்கரங்கள், சர்வோவுக்குத் தனி பேட்டரி.

முதலில் வயரிங். இடது சர்வோவின் சிக்னல் வயர் (கட்டளை போகும் வயர்) போர்டின் பி0 (P0) பின்னுக்கு, அதாவது இணைப்பு முனைக்கு; வலதுக்கு பி1 (P1). மைக்ரோபிட்டின் 3 வோல்ட் பின்னிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் எடுக்காதீர்கள், அது தாங்காது. பேட்டரியின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) போர்டின் கிரவுண்டையும் (GND) கட்டாயம் இணைக்க வேண்டும், இல்லையென்றால் சிக்னல் சரியாகப் போகாமல் சக்கரம் இஷ்டத்துக்கு ஆடும்.

அடுத்து புது புராஜெக்ட் திறந்து, இன்புட் பகுதியிலிருந்து 'ஆன் பட்டன் ஏ பிரஸ்டு' பிளாக்கை இழுத்து வையுங்கள். அட்வான்ஸ்டு, பின்ஸ் என்று போனால் 'சர்வோ ரைட்' பிளாக் கிடைக்கும்; அதில் இரண்டை உள்ளே செருகுங்கள். வெளியே தனியாகக் கிடக்கும் பிளாக் மங்கலாகத் தெரியும், அது ஓடாது.

இப்போதுதான் முக்கியமான இடம். இந்த வகை சர்வோவில் 0 என்றால் ஒரு பக்கம் முழு வேகம், 180 எதிர்ப்பக்கம், 90 நிற்பது. இரண்டு மோட்டாரும் எதிரெதிராகப் பார்த்துத்தானே பொருத்தியிருக்கிறோம்? அதனால் இரண்டுக்கும் 180 கொடுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். நேராகப் போக பி0-க்கு 180, பி1-க்கு 0. பின்னால் போனால் எண்களை மாற்றிப் போடுங்கள். அப்புறம் பேசிக் பகுதியிலிருந்து 'பாஸ்' 2000 (மில்லிசெகண்ட், அதாவது 2 விநாடி), கடைசியில் இரண்டு பின்னுக்கும் 90.

இடப்பக்க சிமுலேட்டரில் ஏ பட்டனை அமுக்கிப் பாருங்கள். சரியாக வந்தால் டவுன்லோட் அழுத்தி, வரும் ஹெக்ஸ் ஃபைலை (உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபைல்), போர்டை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்ததும் தெரியும் மைக்ரோபிட் டிரைவில் போடுங்கள். டிரைவே தெரியவில்லையா? பெரும்பாலும் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும், வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள்.

90 கொடுத்தும் சக்கரம் மெல்ல ஊர்ந்தால் 88, 92 என்று மாற்றிப் பார்க்கலாம்; சில சர்வோவில் இதற்கென்றே குட்டி திருகு இருக்கும். திரும்புவதற்கு பட்டன் பி-யில் (B) இதே பிளாக்குகளை வைத்து இரண்டுக்கும் 180, பாஸ் 500. அது செங்கோணமாகத் திரும்புமா என்பது சக்கரத்தையும் பேட்டரியையும் பொறுத்தது, அந்த 500-ஐக் கூட்டிக் குறைத்துத்தான் பிடிக்க வேண்டும்.